நுண்துளை இறங்காதபோது: ஈடிஎம், ஈசிஎம் கோளாறுகளைக் குறியறிந்து சரிசெய்தல்

மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் சின்ன உலோக வேலைக்குக் குறைவில்லை. வாழைச்சேனைப் பக்கத்துப் படகு இயந்திரத்தின் இன்ஜெக்டர் நொசில், சம்மாந்துறை நெல் ஆலையின் தேய்ந்த உதிரிப்பாகம், நகைப் பட்டறையின் அச்சு, உள்ளே புரி வெட்டும் டெப் முறிந்து நிற்கும் இன்ஜின் புளொக் என்று ஏதாவது ஒன்று வந்துகொண்டே இருக்கும். இவற்றில் பல ட்ரில் பிட்டுக்கு அடங்காதவை. கடினமாக்கிய உருக்கில் அரை மில்லிமீற்றர் துளை போடப் போனால் முறிவது பிட்தான். மின்பொறியால் அரிக்கும் ஈடிஎம்மும் மின்னாற்பகுப்பால் கரைக்கும் ஈசிஎம்மும் உலோகத்தின் கடினத்தைப் பார்ப்பதில்லை. மின்சாரம் கடத்தினால் போதும்.

1943இல் சோவியத் நாட்டில் லசரென்கோ தம்பதியினர் சுவிட்ச் முனைகள் பொறியால் அரிபடுவதை ஆராயும்போதுதான் அந்த அரிப்பையே ஒரு வேலைமுறையாக்கினார்கள். அவர்கள் பயன்படுத்திய தடையி, கொள்ளளவிச் சுற்றுத்தான் இன்றும் நுண்வேலை மெசின்களில் இருக்கிறது. பட்டறையிலேயே கட்டிய சின்ன மெசினிலும் அதுதான். கீழே சொல்வதெல்லாம் அப்படியான மெசினை மனதில் வைத்துச் சொல்வது. பெரிய சிஎன்சி மெசின் வைத்திருப்பவர்களுக்கும் பெரும்பாலானவை பொருந்தும்.

கோளாறு வந்ததும் கை தானாகவே கரண்டைக் கூட்டப் போகும். அதுதான் கூடாது. நுண்வேலையில் பொறி விழவைக்கும் கருவிக்கும் (பெரும்பாலும் ஒரு மெல்லிய கம்பி) வேலைப்பொருளுக்கும் நடுவே இருப்பது சில மைக்ரோன் இடைவெளி மட்டும். பெரும்பாலான கோளாறுகள் அந்த இடைவெளிக்குள் தேங்கும் கசடிலும், அங்கே இருக்கும் திரவத்தின் தரத்திலும்தான் தொடங்குகின்றன. ஆகவே முதலில் இடைவெளியைப் பாருங்கள், அடுத்து திரவத்தைப் பாருங்கள், செற்றிங்கைக் கடைசியாகத் தொடுங்கள்.

வேலைக்கு முன்னால் மூன்று விஷயத்தில் விட்டுக்கொடுக்கவே கூடாது. வீட்டு 230 வோல்ட்டை நேரே டயோடில் திருத்தி இடைவெளிக்குக் கொடுக்காதீர்கள். அது 325 வோல்ட் உச்சத்துக்குப் போகும், உயிரை எடுக்கும். தனிமைப்படுத்தும் டிரான்ஸ்போமர் கட்டாயம் வேண்டும். அடுத்தது, மெசினை நிறுத்திய பிறகும் கொள்ளளவியில் மின்னேற்றம் இருக்கும், ஒரு தடையியால் அதை இறக்கிவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். மூன்றாவது மண்ணெண்ணெய். அதன் தீப்பற்றும் வெப்பநிலை 38 பாகை செல்சியசுக்குச் சற்று மேலேதான் தொடங்குகிறது. சித்திரை வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே பட்டறையே அந்த வெப்பத்தை நெருங்கிவிடும், பொறி விழும் இடத்து எண்ணெயைச் சொல்லவே வேண்டாம். முடிந்தால் தீப்பற்றும் வெப்பநிலை 100 பாகைக்கு மேலுள்ள ஈடிஎம் எண்ணெய்க்கு மாறுங்கள். எந்த எண்ணெயானாலும் பொறி விழும் இடம் நன்றாக மூழ்கி இருக்க வேண்டும், சில சென்ரிமீற்றர் ஆழமாவது. எண்ணெய் மட்டம் இறங்கி மேற்பரப்பில் பொறி விழும்போதுதான் தீ பிடிக்கிறது. மெசின் ஓடும்போது ஆள் விலகக் கூடாது. உலர்தூள் அல்லது காபனீரொட்சைட்டுத் தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். எரியும் எண்ணெயில் தண்ணீர் ஊற்றவே கூடாது.

பொறியே வரவில்லை

இடைவெளிக்குக் குறுக்கே மல்டிமீற்றரை வைத்துப் பாருங்கள். முழு வோல்ட்டும் காட்டினால் மின்சாரம் வருகிறது, கருவி வேலைப்பொருளை இன்னும் நெருங்கவில்லை. பூச்சியம் காட்டினால் இரண்டும் முட்டிக்கொண்டு நிற்கின்றன, இல்லையென்றால் மின்சாரமே வரவில்லை. கருவியை ஒரு மில்லிமீற்றர் தூக்கினால் எது என்று தெரிந்துவிடும். முழு வோல்ட் இருந்தும் நெருங்கும்போது பொறி விழவில்லை என்றால் கவ்வியைப் பாருங்கள். கடற்காற்றில் கவ்வியின் வாயில் கறள் பிடிப்பது நம்மூரில் சாதாரணம். வேலைப்பொருளின் பெயின்ட், பழைய கறள், கறுத்த ஒட்சைட்டுப் படலம் எல்லாவற்றையும் உரசி வெள்ளை உலோகத்தில் கவ்வுங்கள்.

பொறி விழுகிறது, துளை இறங்கவில்லை

பலரும் மாட்டுவது இங்கேதான். கருவி இறங்குகிறது, உடனே மேலே வருகிறது, மறுபடி இறங்குகிறது. ஆழ அளவி மட்டும் அசையவில்லை.

ஒவ்வொரு பொறியும் உலோகத்தில் ஒரு துளியை உருக்கி எறிகிறது. அந்தத் துளி எண்ணெயில் உறைந்து சிறு உருண்டையாகிறது. எண்ணெயும் கொஞ்சம் சிதைந்து கரியும் வாயுக்குமிழியும் உண்டாகின்றன. அரை மில்லிமீற்றர் துளையில், பக்கவாட்டில் பத்து மைக்ரோன் கூட இல்லாத சந்தில், இவை எல்லாம் மேலே ஏறி வெளியேற வேண்டும். துளை விட்டத்தைப் போல மூன்று நான்கு மடங்கு ஆழம் போனதும் தானாக வெளியேறுவது நின்றுபோகும். அதன்பிறகு பொறி புது உலோகத்தில் விழாமல் கசடில் விழுகிறது. மின்சாரம் செலவாகும், வேலை நடக்காது.

இதைக் காதாலேயே கண்டுபிடிக்கலாம். நல்ல பொறி, சட்டியில் மீன் பொரிவதுபோல ஒரே சீராகச் சடசடக்கும். கசடு தேங்கினால் சத்தம் மங்கி, நின்று நின்று வரும். இன்னும் நிச்சயமான வழி, இடைவெளிக்குக் குறுக்கே பழைய முள் வோல்ட்மீற்றர் ஒன்றை நிரந்தரமாக மாட்டி வைப்பது. டிஜிட்டல் மீற்றரில் இலக்கம் தாவிக்கொண்டே இருக்கும், முள் சராசரியைக் காட்டும். 100 வோல்ட் வழங்கலில் முள் நடுவில் எங்கோ மெல்ல ஆடிக்கொண்டிருந்தால் நல்லது. 20, 25 வோல்ட்டில் அசையாமல் நின்றால் பொறி வில்லாக, அதாவது அணையாமல் தொடர்ந்து எரியும் மின்வில்லாக மாறிவிட்டது. பூச்சியத்துக்கும் நூறுக்கும் நடுவே அடித்துக்கொண்டால் கசடு அல்லது கருவியை ஏற்றி இறக்கும் சேர்வோ மோட்டாரின் பதற்றம்.

இனி என்ன செய்வது? கருவியைச் சில செக்கனுக்கு ஒருமுறை துளையை விட்டு முழுவதும் தூக்கி இறக்குங்கள். இந்த எழும்பலே பம்ப் போல எண்ணெயை உள்ளே இழுத்து வெளியே தள்ளும். கருவியைச் சுழற்ற முடிந்தால் சுழற்றுங்கள், மெல்லிய கம்பிக்குச் சில நூறு சுற்றே போதும். பக்கத்திலிருந்து எண்ணெயைப் பீச்சலாம், ஆனால் 0.3 மில்லிமீற்றர் கம்பியில் வேகமாகப் பீச்சினால் கம்பி வளைந்து துளை சாயும். இரண்டு பக்கம் எதிரெதிராகப் பீச்சினால் இடைவெளியில் ஓட்டமே நின்றுபோகும், ஒரு பக்கம் போதும். கனமான வேலைக்குக் குழாய்க் கருவி நல்லது, நடுத்துளை வழியாக எண்ணெய் உள்ளேயே இறங்கும்.

எண்ணெயையும் பாருங்கள். கண்ணாடிக் குவளையில் எடுத்து வெளிச்சத்துக்குப் பிடித்தால் மறுபக்கம் தெரிய வேண்டும். கறுத்துப்போன எண்ணெயை எவ்வளவு பீச்சினாலும் பழைய கசட்டைத்தான் உள்ளே அனுப்புகிறீர்கள். ஒரு வாரம் அசையாமல் வைத்து மேலே தெளிந்ததை மட்டும் எடுத்து, காகித பில்டரால் வடித்துப் பாவிக்கலாம்.

இவ்வளவும் செய்த பிறகும் இறங்கவில்லை என்றால்தான் செற்றிங். அதிலும் கரண்ட் அல்ல, வோல்ட்டைச் சற்றுக் கூட்டிப் பாருங்கள். வோல்ட் கூடினால் இடைவெளி அகலும், கசடு வெளியேற வழி கிடைக்கும். துளை சில மைக்ரோன் பெரிதாகும், அதைக் கருவியின் விட்டத்தில் கழித்துக்கொள்ள வேண்டியதுதான்.

அடியில் கரும்புள்ளி, கருவி ஒட்டிக்கொள்கிறது

இது மேலே சொன்ன கோளாறைக் கவனிக்காமல் விட்டதன் அடுத்த கட்டம். பொறி ஒரே இடத்தில் விழுந்து விழுந்து அணையாத வில்லாகி, அங்கே கரி படிகிறது. கரி மின்சாரம் கடத்தும், ஆகவே அடுத்த பொறியும் அங்கேயே விழும். தானாகச் சரியாகும் என்று காத்திருந்தால் வேலைப்பொருளில் குழி விழுந்துவிடும். உடனே நிறுத்தி, கருவியை எடுத்து, இரண்டு முனையையும் பித்தளைப் பிரஷ்ஷால் துடையுங்கள். கருவி முனையில் கரி மொட்டுப்போல வளர்ந்திருந்தால் அந்த அளவு வெட்டியெறியுங்கள்.

பிறகு மெசினில் ஒரு காரணம் உண்டா என்று பாருங்கள். தடையி மிகச் சிறிதாக இருந்தால், பொறி முடிந்த பிறகும் வழங்கல் நேரடியாக வில்லுக்குத் தீனி போட்டுக்கொண்டே இருக்கும். 1 கிலோஓம் தடையியும் 10 நனோபரட் கொள்ளளவியும் சேர்ந்தால் மின்னேற்ற நேர மாறிலி 10 மைக்ரோசெக்கன். தடையியை இரட்டிப்பாக்கினால் வேகம் குறையும், வில் அணைய நேரம் கிடைக்கும். மின்சாரத்தை விட்டு விட்டுக் கொடுக்கும் துடிப்பு மெசின் என்றால் ஓய்வு நேரத்தைக் கூட்டுங்கள்.

டெப் எடுக்கும்போது திடீரென்று முட்டுகிறது

நன்றாக இறங்கிக்கொண்டிருந்தது சட்டென்று பூச்சிய வோல்ட் காட்டினால், டெப்பின் ஒரு பல்வரிசை நடுத்தண்டிலிருந்து விடுபட்டுக் கருவியின் மேல் சாய்ந்திருக்கிறது. கரண்டைக் கூட்டி எரிக்கப் பார்த்தால் புரியை எரிப்பீர்கள். கருவியைத் தூக்கி, அந்தத் துண்டைக் காந்தத்தாலோ முனை கூரிய இடுக்கியாலோ எடுங்கள். கருவி டெப்பின் நடுத்தண்டை விடச் சற்றே பெரிதாக இருந்தால் போதும், புரியைத் தொடவே வேண்டாம். நடுத்தண்டு போனால் மிச்சம் தானாக உதிரும்.

துளை மேலே அகலம், கீழே ஒடுக்கம்

துளையின் விட்டம் என்பது கம்பியின் விட்டமும் இரண்டு பக்க இடைவெளியும் சேர்ந்தது. 0.30 மில்லிமீற்றர் கம்பி, பக்கத்துக்கு 10 மைக்ரோன் என்றால் துளை 0.32. இதற்கு மேலே வாய் அகன்றிருந்தால் இரண்டு காரணம் இருக்கலாம். ஒன்று, மேலே ஏறும் கசடு பக்கச்சுவரில் மறுபடி பொறி விழவைக்கிறது. மற்றது, கம்பி ஆட்டத்தோடு சுழல்கிறது. கம்பியை மெல்லச் சுழற்றி டயல் அளவியோ உருப்பெருக்கியோ வைத்துப் பார்த்தால் இரண்டாவது தெரிந்துவிடும். 1985இல் டோக்கியோவில் மசுசாவாவின் குழு இதற்கு ஓர் அழகான தீர்வு சொன்னது: கருவியை வெளியே செதுக்கிக் கொண்டுவந்து மாட்டாமல், அதே மெசினில் மாட்டிய நிலையிலேயே ஓடும் பித்தளை வயரால் பொறிவைத்துச் செதுக்குவது. மாட்டிய பிறகு செதுக்கிய கம்பிக்கு ஆட்டமே இராது. பட்டறையில் முழு ஏற்பாடும் செய்ய முடியாவிட்டாலும், ஒரு பித்தளைக் கட்டையின் விளிம்பில் கம்பியைச் சுழற்றிக்கொண்டே, நேர், எதிர் மின்முனைகளை மாற்றிப் பொறி விழவைத்தால் ஆட்டம் பெருமளவு போய்விடும்.

கீழே ஒடுங்குவது கருவியின் தேய்மானம். முனையின் ஓரம் முதலில் தேயும், கம்பி பென்சில்போலக் கூராகும். வேலைக்கு முன்னும் பின்னும் ஒரே அடையாளப் புள்ளியில் முனையை மெல்லத் தொட்டு ஆழத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். வித்தியாசம்தான் தேய்ந்த நீளம். ஊடுதுளை என்றால் தேய்ந்த நீளத்தை விடக் கூடுதலாக இறக்கினால் ஒடுங்கல் நீங்கும். அடி மூடிய துளைக்குப் புதுக் கம்பியை மாட்டி முடிக்க வேண்டும்.

செம்பு 1085 பாகையில் உருகும், டங்ஸ்டன் 3422இல். டங்ஸ்டன் மெதுவாகத் தேயும் என்பதால் நுண்கம்பிக்கு அதன் விலை கொடுக்கத் தகுந்தது. அப்புறம் மின்முனை. குறுகிய பொறியில் நேர்முனைதான் அதிகம் அரிபடும், ஆகவே கொள்ளளவி மெசினில் வேலைப்பொருள் நேர், கருவி எதிர். ஆனால் நீண்ட துடிப்பு கொடுக்கும் பெரிய மெசினில் செம்பாலோ கிரபைட்டாலோ உருக்கை அரிக்கும்போது கருவியை நேராக வைப்பார்கள், எண்ணெயிலிருந்து வரும் கரி அதன்மேல் படிந்து காக்கும். பெரிய மெசினில் பழகியவர் நுண்மெசினுக்கு வந்ததும் கம்பி மளமளவென்று தேய்கிறது என்றால் முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும்.

துளை திறக்கும் நேரத்தில் தடுமாற்றம்

அடி திறந்ததும் எண்ணெய் கீழே ஓடிவிடும், பொறி நிலைகுலையும், ஓரத்தில் பிசிறு நிற்கும். வேலைப்பொருளுக்குக் கீழே அதே உலோகத்தில் ஒரு தகட்டை இறுக்கி வைத்து இரண்டையும் சேர்த்துத் துளையுங்கள்.

சுவர் சொரசொரப்பாக இருக்கிறது

ஒரு பொறியின் சக்தி, கொள்ளளவின் பாதியை வோல்ட்டின் வர்க்கத்தால் பெருக்கியது. 100 வோல்ட்டில் 10 நனோபரட் 50 மைக்ரோஜூல். 1 நனோபரட் 5 மைக்ரோஜூல். 100 பிக்கோபரட் அரை மைக்ரோஜூல். சக்தி குறையக் குறையக் குழி சிறிதாகும், பரப்பு வழவழப்பாகும். முதலில் பெரிய கொள்ளளவியில் துளைத்து, கடைசிச் சில மைக்ரோனைச் சிறியதில் முடிப்பது வழக்கம்.

கொள்ளளவியை முழுவதும் கழற்றிய பிறகும் பரப்பு மேலும் மென்மையாகவில்லையா? கேபிளைப் பாருங்கள். சாதாரண கோஆக்சியல் கேபிளுக்கே மீற்றருக்கு 100 பிக்கோபரட் அளவு கொள்ளளவு உண்டு. இரண்டு மீற்றர் கேபிள் போட்டவர், தெரியாமலே 200 பிக்கோபரட் மாட்டி வைத்திருக்கிறார். கொள்ளளவியை மெசின் பெட்டியில் வைக்காமல் கருவித் தலையிலேயே வைத்து, தடையிக்குப் பிறகு வரும் வயரை ஒரு சாண் அளவுக்குக் குறையுங்கள். காசில்லாமல் கிடைக்கும் முன்னேற்றம் இது.

நொசில் போன்ற அழுத்தம் தாங்கும் பாகத்தில் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். உருகி மீண்டும் உறைந்த வெள்ளைப்படலம் கடினமானது, நுண்வெடிப்பு உள்ளது. கடைசிப் பொறியை மென்மையாக்கி அதை மெலிதாக்கலாம், முற்றாக எடுக்க நுண்பொடியால் தேய்க்க வேண்டும் அல்லது ஈசிஎம்மால் கரைக்க வேண்டும்.

வயர்கட்டில் வயர் அறுகிறது, பாகம் கறள் பிடிக்கிறது

நம் பகுதிக்கென்றே உள்ள கோளாறு இது. வயர்கட் என்பது ஓடும் வயரால் பொறிவைத்து வெட்டும் ஈடிஎம். அதில் பித்தளை வயர் ஓடும் மெசினுக்கு அயன் நீக்கிய தண்ணீர் வேண்டும். மின்கடத்துதிறன் சென்ரிமீற்றருக்கு 5 முதல் 20 மைக்ரோசீமன்ஸ் அளவில் இருக்க வேண்டும். நல்ல குடிநீரே சில நூறு காட்டும். எழுவான்கரையில், கடலுக்கும் வாவிக்கும் நடுவே மணலில் தோண்டிய கிணறுகள் பலவும் கோடை முற்றினால் சவர்த்தண்ணீராகிவிடும். தொட்டி குறைந்தது என்று ஒரு வாளி கிணற்றுத்தண்ணீரை ஊற்றினால் அயன் நீக்கும் ரெசின் அந்த உப்பு முழுவதையும் இழுத்து அப்படியே தீர்ந்துபோகும். பிறகு இடைவெளியில் பொறிக்குப் பதில் மின்னாற்பகுப்பு நடக்கும். உருக்கு கறள் பிடிக்கும். கார்பைட் அச்சில் பிணைப்பாக இருக்கும் கோபால்ட் கரைந்து விளிம்பு உதிரும். பொறி நிலையில்லாமல் வயரும் அறும்.

கடத்துதிறன் மீற்றர் விலை அதிகமில்லை, ஒன்று வாங்கி வையுங்கள். குறைந்த தண்ணீருக்கு காய்ச்சி வடித்த நீரோ, ஆர்ஓ நீரோதான் ஊற்ற வேண்டும். வேலை முடிந்த பாகத்தை இரவு முழுதும் தொட்டியில் விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

தண்ணீர் சரியாக இருந்தும் வயர் அறுந்தால், மின்சாரம் வயருக்குப் போகும் கார்பைட் துண்டில் பள்ளம் விழுந்திருக்கும், திருப்பி மாட்டுங்கள். சாய்ந்த முகத்தில் வெட்டத் தொடங்கும்போது நீர்ப்பீச்சல் சிதறுவதால் அறும், அந்த இடத்தில் மட்டும் சக்தியைக் குறைத்து நுழையுங்கள். மொலிப்டினம் வயர் போய்வரும் மெசின்கள் வேறு சாதி. அவற்றுக்கு எண்ணெய் கலந்த நீர், அந்தக் கலவை கெட்டு நாறத் தொடங்கினால் மாற்ற வேண்டும்.

ஈசிஎம்: ஓரம் மழுங்குகிறது, தேவையில்லாத இடமும் கரைகிறது

ஈசிஎம்மில் வேலைப்பொருள் நேர்முனை, கருவி எதிர்முனை, நடுவே உப்புக்கரைசல், 5 முதல் 25 வோல்ட். கருவி தேயாது. தேய்ந்தால் மின்முனையை மாற்றிக் கொடுத்திருக்கிறீர்கள். சாதாரண உப்பு வேகமாகக் கரைக்கும், ஆனால் மின்சாரம் பரவும் இடமெல்லாம் கரைக்கும். சோடியம் நைத்திரேற்றில், கரண்ட் அடர்த்தி குறைந்த இடத்தில் உலோகத்தின்மேல் படலம் உண்டாகிக் கரைவது நின்றுவிடும், ஆகவே ஓரம் கூராக நிற்கும். நுண்வேலைக்கு அதுவே நல்லது. கருவியின் பக்கங்களை எப்பொக்சி அல்லது வார்னிஷ் பூசி மூடி, முனையை மட்டும் திறந்து வையுங்கள். வழங்கலைத் துடிப்பாக்கினால் இன்னும் கூர்மை வரும்.

மின்சாரம் உண்மையிலேயே உலோகத்தைக் கரைக்கிறதா என்ற சந்தேகம் வந்தால் தராசில் பாருங்கள். இரும்பு இரட்டை நேரேற்ற அயனாகக் கரையும்போது ஓர் அம்பியர் ஒரு நிமிடத்தில் ஏறத்தாழ 17 மில்லிகிராம் எடுக்கும். அதில் பாதிதான் குறைந்தது என்றால் மீதி மின்சாரம் படலத்திலும் வாயுவிலும் வீணாகிறது. நைத்திரேற்றில் கரண்ட் அடர்த்தி போதாமல் இருக்கும்.

ஈசிஎம்: காலையில் சரியான அளவு, மதியம் பெரிதாகிறது

கரைசலின் வெப்பம் ஒரு பாகை ஏறினால் கடத்துதிறன் ஏறத்தாழ 2 சதவீதம் ஏறும். தகரக் கூரைக்குக் கீழே காலைக்கும் மதியத்துக்கும் பத்துப் பாகை வித்தியாசம் வந்தால் கணக்கு முழுதும் மாறும். தொட்டியைப் பெரிதாக வையுங்கள், மூடுங்கள், வெப்பமானியைப் போட்டு ஒரே வெப்பத்தில் வேலை செய்யுங்கள். கசடும் இதே கோளாறைத் தரும். கரைந்த இரும்பு கபில நிறச் சேறாகிறது, அதைப் படியவிட்டு வடிக்க வேண்டும்.

கருவியில் எழும் ஐதரசன் மூடிய அறையில் தேங்கக் கூடாது, யன்னலைத் திறந்து வையுங்கள். கறையில்லா உருக்கை நைத்திரேற்றில் கரைத்த பிறகு கரைசல் மஞ்சளாகியிருந்தால் அதில் ஆறிணைதிறன் குரோமியம் இருக்கிறது என்று கொள்ளுங்கள். அது புற்றுநோய் தரும் நஞ்சு. கையுறை போடாமல் தொடாதீர்கள். மட்டக்களப்பு வாவியிலோ கானிலோ ஊற்றாதீர்கள், அந்த வாவியில்தான் நமக்கு மீனும் இறாலும் பிடிக்கிறார்கள். கிணற்றடியில் ஊற்றினாலும் மணல் வழியே கிணற்றுக்குள் இறங்கிவிடும். மூடிய பிளாஸ்டிக் கலனில் சேர்த்து, பெயர் எழுதி வைத்து, இரசாயனக் கழிவு எடுப்பவர்களிடம் கொடுக்க வேண்டும்.

முடித்து வைத்த பாகம் மறுநாள் சிவந்திருக்கிறது

ஈசிஎம் உப்பு நுண்துளைக்குள் ஒட்டியிருக்கும், வெளியே கழுவினால் போகாது. காய்ச்சி வடித்த நீரில் அல்ட்ராசோனிக் தொட்டியில் கழுவி, பிறகு ஸ்பிரிட்டில் முக்கி, சூடான காற்றால் உலர்த்தி, மெல்லிய எண்ணெய் தடவுங்கள். மாரி காலத்தில் வாடைக்காற்று உப்பும் ஈரமுமாக வரும்போது காகிதத்தில் சுற்றினால் போதாது. சிலிக்கா ஜெல்லோடு மூடிய டப்பியில் வைத்து, வாடிக்கையாளர் வரும்போது அவர் முன்னாலேயே திறந்து கொடுங்கள்.